வலது கதவு

நவம்பர் 11

மொட்டச்சி, இந்த டைரியில் தேதி சரி, கிழமைதான் தப்பு. இன்று திங்கள். இதில் செவ்வாய் என்று அச்சாகியிருக்கிறது. சிவகாசி பைண்டிங் ஆபீசில் கழித்துப் போட்டதை நீதான் வாங்கி வந்தாய். "எம்மா, கிழமையை அடிச்சிட்டு எழுது. அஞ்சாப்புப் படிச்ச கை துருப்பிடிச்சிரும்" என்றாய். அப்போது ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், கிழமையை அடித்துவிட்டு.

இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்ட நாளில் இருந்து நீ மொட்டச்சி. சடை இடுப்புக்கு வந்த பிறகும் மொட்டச்சிதான். மரம் செதுக்குகிற கம்ப்யூட்டர் மிஷினைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிற பிள்ளையை வாசலில் நின்று அப்படிக் கூப்பிடலாமா என்று கோபப்படுவாய். ஆள் இருந்தால் கோபம். ஆள் இல்லாவிட்டால் "என்னம்மா" என்று வருவாய்.

புரட்டாசியில் போனாய். ஒரு வாரக் காய்ச்சல். தீபாவளி வந்தது, போனது. நம் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏற்றவில்லை.

நேற்று விருதுநகர் ராஜபாண்டியன் அண்ணாச்சி வந்தார். புது வீட்டுத் தலைவாசலுக்கு உன்னிடம் இரட்டைக் கதவு சொன்னாரே, அவர். இடது கதவைச் செதுக்கி முடித்த மறுநாள்தான் நீ படுத்தாய். வலதுக்குப் பலகை வந்து இறங்கி அப்படியே கிடக்கிறது.

"நீங்க சிரமப்படாதீக. ரெண்டு கதவையும் மதுரையிலயே புதுசாச் செஞ்சுக்கிடுறேன்" என்றார்.

"அப்ப அவ செஞ்ச கதவு?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க அம்மா யோசிக்கிறாக. தலைவாசல் பாருங்க."

எனக்குப் புரியாமல் இல்லை. இறந்த பிள்ளை கைபட்ட கதவு. புது வீட்டுக்கு ஆகாது.

அவர் போன பிறகு மிஷின் ஷெட்டைத் திறந்தேன். மூலையில் பழைய சேலை போர்த்திக்கொண்டு கதவு நிற்கிறது. நீ போர்த்திய சேலை. விலக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி அன்னப்பறவை கேட்டார். நீ அன்னம் என்று சொல்லி, நம் வெம்பக்கோட்டை அணைக்கட்டில் நிற்கிற நாரையைச் செதுக்கி வைத்திருக்கிறாய். வலது பக்கம் பார்த்து நிற்கிறது. அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கிறது.

ஒத்தைக் கதவை வச்சு நான் என்ன செய்யட்டும்?

நவம்பர் 13

உன் மாமா வந்தார். உட்காரவில்லை. சங்கிலிமுத்து அண்ணன் என்றைக்கு உட்கார்ந்தது?

"ஏத்தா வள்ளி, காரியாபட்டியில ஒரு ஆசாரி மிஷினக் கேக்குறாரு. கார்த்திகைக் கடைசியில வந்து தூக்கிக்கிடுவாரு. தீபாவளிக்கு அடைச்ச வெடிக் கம்பெனி பூஜை போட்டுத் திறந்ததும் நீ வேலைக்கு வந்துரு. போர்மேன் உன்னையத்தான் கேட்டாரு. மருந்து செலுத்துறதுல வள்ளித்தாய் கை மாதிரி நிதானக் கை இல்லைன்னாரு."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

நிதானம்தான் நான் படித்த படிப்பு. வெடிக்குழாயில் மருந்து செலுத்தும்போது தேய்க்கக்கூடாது, இடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. தட்டைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். மெதுவா, மெதுவா. பக்கத்து ரூமில் ஒரு பெண் அவசரப்பட்ட அன்று என்ன ஆனது என்று உனக்குச் சொன்னதில்லை. இப்போதும் எழுத மாட்டேன்.

மிஷின் வந்த அன்றுதான் நீ சொன்னாய்: "இனி மருந்துப் பக்கம் போனே, உனக்கும் எனக்கும் பேச்சுக் கிடையாது." பேச்சுதான் இப்போது இல்லையே. அப்ப போகலாமா?

மாமாவிடம் பிடி கொடுக்கவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 14

ஷெட்டைப் பெருக்கினேன். மிஷின் மேசையில் உன் முடி ஒன்று ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

நவம்பர் 16

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"வலதை நான் வெட்டித் தாறேன் அண்ணாச்சி. இடதுக்குச் சோடியா வரலைன்னா நீங்க மதுரைக்குப் போங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு மிஷின் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

பாதி பொய். சுவிட்சு போடுவேன். பலகையை இறுக்கிக் கட்டுவேன். மரத்தை வெட்டுகிற பிட்டு ஊசியின் நுனிக்கும் பலகைக்கும் நடுவில் காலண்டர் தாளை விட்டு, தாள் லேசாகப் பிடிக்கிற இடத்தில் மட்டம் வைப்பேன். ரிமோட்டில் ஓடவிடுவேன். உன் பக்கத்தில் நின்று பார்த்ததெல்லாம் தெரியும். நீ மனசுக்குள் போட்ட கணக்கு எதுவும் தெரியாது.

அண்ணாச்சி காலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மார்கழி பிறந்துட்டா வாசலுக்குப் புதுசா எதுவும் வைக்க மாட்டோம். தையில பால் காய்ச்சணும். கார்த்திகை இருபதுக்குள்ள காட்டுங்க. அம்மாவைக் கூட்டிட்டு வாறேன். அவுக சொல்றதுதான்" என்றார்.

வலது நன்றாக வந்தால் நீ செய்த கதவு வாசலில் நிற்கும். இல்லையென்றால் சேலை போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும்.

நவம்பர் 19

கீர்த்திகா வந்தாள். உன்னோடு படித்ததற்காக இன்னும் என்னை அத்தை என்கிறாள். காலண்டர் ஆபீசில் படம் போட்டு அலுத்த கண்ணோடு வந்து, உன் நாரையைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பித் தந்தாள்.

"படம் ரெடி அத்தை. மிஷினுக்கு ரெண்டு நம்பர் நீங்க சொல்லணும். பிட்டு மரத்துக்குள்ள எம்புட்டு வேகமா நகரணும், அது பீடு. ஒரு ஓட்டத்துக்கு எம்புட்டு ஆழம் இறங்கணும், அது டெப்த்."

"நானா சொல்லணும்?"

"எனக்குப் படந்தான் தெரியும். மரம் தெரியாதே."

"அவ என்ன போட்டிருக்கா?"

பார்த்துச் சொன்னாள். பீடு மூவாயிரம். ஆழம் மூன்று மில்லி.

மூவாயிரமா என்று திருப்பிக் கேட்டேன். நிமிஷத்துக்கு அத்தனை மில்லிமீட்டராம். என்ன மீட்டராக இருந்தால் என்ன, நம்பரைக் கேட்டாலே ஓடுகிற மாதிரி இருக்கிறது. போதாததற்குத் தச்சு வேலை முத்துப்பாண்டியும் பயமுறுத்திவிட்டான். பலகையை இழைத்துச் சேர்த்துக் கொடுத்ததும் அவன்தான், கதவை மாட்டப்போவதும் அவன்தான். "யக்கா, இடது வேற தேக்கு, இது வேற தேக்கு. அண்ணாச்சியோட பழைய கடை உத்திரத்த அறுத்தது. தேக்குன்னு பேரு, உள்ள இரும்பு. கெடுத்துட்டீகன்னா இதுக்கு மறு துண்டு கிடையாது."

"அறுநூறு போடு தாயி" என்றேன் கீர்த்திகாவிடம்.

"அம்புட்டுக் கம்மியாவா?"

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது."

நவம்பர் 21

ஆனது.

நல்லவேளை, அதே உத்திரத்தின் ஓரத் துண்டுகளை முத்துப்பாண்டி கொடுத்திருந்தான். ஒன்றைக் கட்டி, அறுநூறில் ஓடவிட்டேன். பிட்டு மாட்டுவண்டி போல நகர்ந்தது. எனக்கு நிம்மதி. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை. சோறு அடிப்பிடிக்கிற வாடை. நிறுத்திப் பார்த்தால் வெட்டின வழியெல்லாம் கருப்பு. நாரைக்குப் பதில் காக்கா.

மரம் ரொம்ப இறுக்கம். இன்னும் மெதுவாகப் போகணுமோ?

நவம்பர் 22

முந்நூறு வைத்தேன்.

எழுத்துக் கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

முதலில் புகை. நூல் மாதிரி ஒரு புகை பிட்டைச் சுற்றி எழுந்தது. நான் பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், தூசி உறிஞ்சுகிற பையைப் பார்க்கவில்லை. கங்கு தூளோடு போய்ப் பைக்குள் உட்கார்ந்துவிட்டது. பை ஒரு பக்கம் சிவந்தது. சிவந்து ஓட்டை விழுந்தது. கால் தானாக ஓடியது. பிளக்கைப் பிடுங்கினேன். வாசலில் இருந்த மணல் வாளி. ஈரச்சாக்கு. இன்னொரு வாளி.

அந்த மணல் வாளிகளை வைத்ததற்கு எப்படிச் சிரித்தாய் நீ! "எம்மா, இங்க என்ன வெடியா வெடிக்கப்போகுது? இது மரம்மா." இருபது வருஷப் பழக்கம், மணல் வாளி இல்லாத இடத்தில் எனக்கு நிற்க வராது என்றேன். இன்றைக்கு அந்த வாளிதான்.

முத்துப்பாண்டி ஓடிவந்தான். அணைந்த பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யக்கா, வெடி ஆபீசுல இத்தன வருசம் தப்பிச்சு, கடைசில மரத்தூள்லயா மாட்டப் பாத்தீக?"

சிரிக்கத்தான் சொன்னான். நான் அழுதுவிட்டேன். அவன் போய் டீ வாங்கி வந்தான்.

நவம்பர் 23

ஷெட்டைத் திறக்கவில்லை. மாமாவுக்குப் போன் போட எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

நவம்பர் 25

போட்டது மாமாவுக்கு இல்லை. மதுரையில் பிட்டு விற்கிறாரே லட்சுமிகாந்தம், அவருக்கு. உன் போனில் 'பிட்டு அங்கிள்' என்று இருந்தது.

உன் சங்கதி அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் இருமினார். பிறகு வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டார். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

"தூளக் கையில எடுத்துப் பாருங்கம்மா. மாவா இருக்கா, சீவலா இருக்கா?"

"மாவு. மருந்து மாதிரி நைஸா இருக்கு."

"அப்ப உங்க பிட்டு வெட்டல, தேய்க்குது. நிமிசத்துக்குப் பதினெட்டாயிரம் சுத்து சுத்துற சாமான். அத ஒரே இடத்துல ஊற விட்டா என்ன செய்யும்? சூடாகும், மரத்தைக் கருக்கும், தானும் மழுங்கும். ஓட விடுங்க. ஓடினாத்தான் கடிக்கும். கடிச்சாத்தான் சீவல் வரும். சூடு அந்தச் சீவலோட வெளிய போயிரும்."

"மெதுவாப் போனா பத்திரம்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா நினைப்பாக. உங்க ஊர்க்காரவுக கூடக் கொஞ்சம் நினைப்பாக."

போனை வைத்துவிட்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ சொன்னது ஞாபகம் வந்தது. சாப்பிட வா, சோறு ஆறுகிறது என்று வாசலில் நின்று கத்துவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். "ஓடுறப்பக் கூப்பிடாதம்மா! நடுவுல நிறுத்தினா பிட்டு நின்ன இடத்துலயே சுத்தும், மரம் கருகும்." அடம் என்று நினைத்தேன். திமிர் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆறின சோற்றை நீயும் நானும் பேசாமல் தின்ற நாள் எத்தனையோ.

இருபது வருஷம் என் உயிரைக் காப்பாற்றிய நிதானம், இந்த மிஷினில் தீயாக இருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்ல?

நவம்பர் 27

நீ வைத்ததையே வைத்தேன். மூவாயிரம், மூன்று மில்லி. ஓரத் துண்டில்தான்.

பிட்டு இறங்கியது. கத்தியது. தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். நிறுத்தக் கை போவதற்குள் படக் என்று ஒரு ஒலி. பிட்டு ஒடிந்து துண்டு பறந்து தகரத்தில் மோதியது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன், காதைப் பொத்திக்கொண்டு. கம்பெனியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

யாரும் இல்லை. நானே எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, ஒடிந்த துண்டைத் தேடி எடுத்தேன்.

ஆக, உன் நம்பர் உன் மரத்துக்கு. இந்த மரத்துக்கு அது இல்லை. நீயே இருந்தாலும் மாற்றித்தான் போட்டிருப்பாய். அதை நினைத்ததும் ஏனோ பயம் கொஞ்சம் விட்டது. உன்னைப் பார்த்து எழுதினால் போதும் என்று இருந்தேன். பார்த்து எழுத முடியாத கேள்வியாக இருக்கிறதே.

எதையோ குறைக்க வேண்டும். ரிமோட்டை எடுத்ததும் விரல் தானாகப் பீடு குறைக்கிற பொத்தானுக்குப் போனது. விரலை மடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 28

காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவினேன். முற்றின காய். அழுத்தித் துருவினால் மூடி பல்லில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மெதுவாக ஒட்டித் தேய்த்தால் பூ வரவில்லை, பால் கசிகிறது. லேசாக வைத்து, கையை மட்டும் விறுவிறு என்று ஓட்டினேன். பூவாக விழுந்தது.

துருவினதை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய் வேறு பிட்டு மாட்டினேன். மூடியில் எறும்பு ஏறிவிட்டது, அது வேற கதை.

வேகம் உன்னுடையதே. மூவாயிரம். ஆழம் மட்டும் பாதி. ஒன்றரை மில்லி.

மொட்டச்சி, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்! கத்தலும் இல்லை, சீறலும் இல்லை. நீ ஓட்டும்போது அடுப்படிக்குக் கேட்குமே, ஒரே சீராக, அரிசி புடைக்கிற மாதிரி. அந்தச் சத்தம். அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு. சோறு போட்டு வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது எனக்கு.

தூளை அள்ளிப் பார்த்தேன். மாவு இல்லை. அவல் மாதிரி, சின்னச் சின்னச் சீவல். மிஷின் நின்றதும் பிட்டைத் தொட்டேன். தொட முடிந்தது. பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தது.

கீர்த்திகாவுக்குச் சொன்னேன். "பீடு மூவாயிரம், ஆழம் ஒன்றரை."

"நேரம் ரெண்டு மடங்கு ஆகுமே அத்தை."

"ஆகட்டும். நான் எங்க போகணும்?"

பயமாக இருந்தால் ஆழத்தைக் குறைக்கணும். வேகத்தைக் குறைக்கக்கூடாது. மறந்துவிடாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

நவம்பர் 30

மழை. கரண்ட் வருகிறது, போகிறது. நல்ல பலகையில் கை வைக்கவில்லை. நடுவில் கரண்ட் போனால் வம்பு.

பக்கத்து வீட்டில் இருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "மெதுவா ஆறும் வள்ளி. மெதுவா மெதுவா மறக்கும். ஒண்ணும் செய்யாம இரு." நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். புரட்டாசியில் இருந்து நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே இடத்தில். உன் சட்டையை மடித்த இடத்திலேயே மறுபடி மடித்துக்கொண்டு. ஆறின மாதிரி தெரியவில்லை.

இனிமேல் ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லி ஆழம்தான் உன்னை நினைப்பேன் என்று எழுதலாம். எழுதினால் பொய்.

டிசம்பர் 2

நல்ல பலகையைக் கட்டினேன். சாமி கும்பிடவில்லை. துக்க வீட்டில் விளக்கு ஏற்றலாமா கூடாதா என்று குழப்பம், அதனால் உன் சேலையை — உன் சேலை இல்லை, என் சேலைதான், நீ கதவுக்குப் போர்த்தினது — தொட்டுக்கொண்டேன்.

தாளை விட்டு மட்டம் வைத்தேன். கிழித்த காலண்டர் தாள், நவம்பர் 30. தாள் பிடித்தது. ஓடவிட்டேன்.

காலையில் வால். மத்தியானம் உடம்பு. எல்லாம் அவல் அவலாக விழுந்தது. கழுத்துக்கு வரும்போது சத்தம் மாறியது. பார்த்தால், கழுத்து வளைகிற இடத்தில் மரத்துக்குள் ஒரு கணு. மேலே தெரியாமல் உள்ளே ஒளிந்திருந்தது, கருப்பாக, எலுமிச்சங்காய் அளவுக்கு.

நிறுத்து, நிறுத்து என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இருபது வருஷமும் சொன்னது. கையை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டேன். நிறுத்தினால் கருகும். ஓடட்டும். ஒன்றரை மில்லிதானே, கொஞ்சம்தானே கேட்கிறோம், கொடுத்துரு என்று மரத்திடம் சத்தமாகவே சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பாய்.

கொடுத்தது. அடுத்த ஓட்டத்துக்கும் கொடுத்தது. கணு இப்போது நாரையின் கழுத்தில் வளையம் போட்டது போல் இருக்கிறது. முத்துப்பாண்டி பார்த்துவிட்டு, "யக்கா, உங்க நாரைக்கு மட்டும் நகை போட்டு விட்டீகளே" என்றான்.

டிசம்பர் 3

சன்னப் பிட்டு போட்டு இறகெல்லாம் முடித்தேன். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்தோம். உன் நாரை இப்போது சுவரைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 5

அண்ணாச்சி தன் அம்மாவோடு வந்தார். சுப்புத்தாய் அம்மா. வெள்ளைச் சேலை, கையில் தடி, காது மட்டும் மந்தம். நான் வாசலில் ஒதுங்கி நின்றேன்.

அந்த அம்மா கதவுப் பக்கத்தில் போய், கண்ணை இடுக்கிப் பார்த்து, விரலால் இரண்டு பறவையையும் தடவினார். இறகு இறகாக. ரொம்ப நேரம்.

"ஏத்தா, இது அன்னமா?"

"அன்னந்தாம்மா."

"என்கிட்டயா? நான் கண்மாய்க்கரையில பிறந்தவ. இது நாரையில்ல?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"நாரைதாம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். அன்னத்த எவன் கண்டான்? நாரை வந்தா தண்ணி கிடக்குன்னு அர்த்தம்." திரும்பி என்னைக் கேட்டார். "எது உன் மக செஞ்சது? எது நீ செஞ்சது?"

வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "ரெண்டும் மிஷின் செஞ்சதும்மா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அதற்குள் அண்ணாச்சி அவர் காதோரம் குனிந்து, "அம்மா, தலைவாசலாச்சே... நீங்க யோசிக்கிறீகன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"யாரு? நானா? நான் எப்பலே யோசிச்சேன்?" தடியைத் தரையில் தட்டினார். "உன் மாமனார் வீட்டுல சொன்னத எம்மேல போடுறியாக்கும்? தாலியறுத்தவ நான் அந்த வாசல்ல நுழையலாம், ஒரு கன்னிப்பிள்ளை செஞ்ச கதவு நிக்கக்கூடாதா? அப்ப என்னையும் வெளியவே உக்கார வையி."

அண்ணாச்சி "இல்லம்மா, இல்லம்மா" என்றார். முத்துப்பாண்டி மரத்துண்டு பொறுக்குவது போலக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

டிசம்பர் 9

இன்று கம்பெனியில் பூஜை. மாமா காலையிலேயே வந்துவிட்டார், என்னைக் கையோடு கூட்டிப்போக. நான் கதவு நிலைக்குப் பூவேலைச் சட்டம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"வள்ளி! ஏ வள்ளி! வேன் நிக்கிது!"

நான் திரும்பவில்லை. "ஓடுறப்பக் கூப்பிடாதண்ணே!" என்று கத்தினேன்.

கத்தின பிறகுதான் என் காதில் விழுந்தது, அது யாருடைய பேச்சு என்று.

சட்டம் முடிகிற வரைக்கும் மாமா நின்றார். பிறகு வேனைப் போகச் சொன்னார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, உட்கார்ந்தார். "காரியாபட்டிக்காரருக்கு என்ன சொல்லட்டும்?" என்றார்.

"வேற மிஷின் பாத்துக்கிடச் சொல்லு."

"அவரு திட்டுவாரு."

"உன்னையத்தான. திட்டட்டும்."

சீவல் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 11

கதவை மாட்டிவிட்டோம். மழை வருவதற்குள் விருதுநகர் போய்ச் சேர்ந்துவிட்டது லோடு. சுப்புத்தாய் அம்மா நாற்காலி போட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, முத்துப்பாண்டி உயிரை வாங்கிவிட்டார். இது ஒரு நூல் ஏறியிருக்கு, அது ஒரு நூல் இறங்கியிருக்கு என்று. இரண்டு கதவையும் சாத்தியதும் மூக்குக்கு மூக்கு நேராக வந்து நின்றது, உன்னுடையதும் என்னுடையதும். அண்ணாச்சி தங்கச்சி வீட்டுப் பூஜையறைக்கும் கதவு வேண்டுமாம். என்ன மரம் என்று கேட்டேன். பார்த்துத்தான் நம்பர் சொல்ல முடியும் என்றேன். நான்தான் சொன்னேன், மொட்டச்சி.

முத்துப்பாண்டி வார்னிஷ் பூசினான். மரம் நனைந்ததும் நிறம் எழும்பியது. மேகம் விலகிச் சாய்வெயில் கொஞ்சம் கதவில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

உன் கதவில், நாரையின் இறக்கைக்கு அடியில், குழியான இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு கருப்பு. வட்டமாக. இத்தனை நாள் தூளும் நிழலும் மூடியிருக்கிறது. வேறு யார் பார்த்தாலும் மரத்தின் மச்சம் என்பார்கள். கார்த்திகை முழுக்க மரத்தைக் கருக்கினவள் நான், எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் பிட்டு நகராமல் நின்று சுற்றியிருக்கிறது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு ஓடியிருக்கிறது.

"உளி நுனியில எடுத்து விட்டுரவாக்கா?" என்றான் முத்துப்பாண்டி.

"இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சோறு ஆறுகிறது. நீ நிறுத்தவே மாட்டியே. எம்புட்டுக் கத்தினாலும் நிறுத்த மாட்டியே. கடைசியா ஓட்டின கதவுல, ஒரே ஒரு இடத்துல நிறுத்தியிருக்கே. நான் சாப்பிடக் கூப்பிட்டேனே, அதுக்கா — இல்ல, அப்பவே உனக்குக் காய்ச்சல்ல மேலு சுட்டுச்சா, மொட்டச்சி?